குடை பிடிக்கும் பாம்பு

உத்தமபாளையத்தில் இரண்டு பாம்புகள் இருக்கின்றன. ஒன்று சூரியனையும் சந்திரனையும் விழுங்குவது. அது காளாத்தீஸ்வரர் கோயிலில் குடும்பத்தோடு நின்று பால் அபிஷேகம் வாங்கிக்கொள்கிறது. மற்றது ஊரோரத்துப் பாறையில் ஒரு துறவியின் தலைக்கு மேல் படம் விரித்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவரை மழையிலிருந்து காத்து நிற்கிறது. டிராகன் என்றதும் சீனப் புத்தாண்டு ஊர்வலமும், வெள்ளைக் குதிரையில் வந்து ஈட்டியால் குத்தும் வீரனும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய வம்சத்தில் நம் பக்கத்துச் சொந்தங்களைப் பார்க்க, தேனியில் கம்பம் பஸ் ஏறினால் போதும்.

யாளிதானே நம் ஊர் டிராகன் என்று கேட்பவர்கள் உண்டு. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் அது முன்னங்கால் தூக்கிப் பாய்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெருமாளையே முதுகில் சுமந்து வீதிக்கு வருகிறது. சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண் என்று உருவத்தில் பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டிராகனுக்கு உயிர் கொடுப்பது கதை. தண்ணீரை வளைத்துக்கொண்டு கிடப்பது, புதையலைக் காப்பது, சூரியனை விழுங்குவது, கடைசியில் யாரிடமாவது தோற்பது அல்லது யாருக்காவது பணிவது. நம்மிடம் இந்தக் கதைகள் எல்லாம் பாம்பைத்தான் சுற்றிக் கிடக்கின்றன. யாளியைப் பற்றி ஒரு பாட்டியும் எனக்குக் கதை சொன்னதில்லை. பாம்பைப் பற்றிச் சொல்லாத பாட்டியும் இல்லை.

தேனியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை. நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும், கம்பத்தை நெருங்க நெருங்கப் பன்னீர் திராட்சைப் பந்தல்களும். சாலைக்குத் துணையாக முல்லையாறு கூடவே வருகிறது. முதலில் வீரபாண்டி. ஆற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவின்போது இந்தச் சாலையில் பஸ் நகராது. அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்திக்கொண்டு ராப்பகலாக ஜனம் வந்துகொண்டே இருக்கும். நான் போனது திருவிழாக் காலம் இல்லை. கோயில் வாசல் கடையில் ஒரு தட்டு நிறையத் தகடுகள் பரப்பியிருந்தார்கள். கண்மலர், கை, கால், தொட்டில், அவற்றோடு நாகமும். விரல் நீளம், காகிதம் போல மெல்லியது. அச்சில் அடித்த படத்தில் கண் இரண்டும் புள்ளியாகப் புடைத்திருக்கும். கனவில் பாம்பு வந்தவர்கள், வயலில் பாம்பை மிதித்தவர்கள், குழந்தை வரம் கேட்பவர்கள் வாங்கி உண்டியலில் போடுவார்கள். கண் நோய்க்குக் கண்மலர் போடுவதில் கண் குணமாக வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. நாகத் தகட்டில் அப்படி எதுவும் இல்லை. எங்களை விட்டுவிடு, நாங்களும் உன்னை விட்டுவிடுகிறோம் என்ற ஒப்பந்தம்தான் இருக்கிறது. விவசாயம் பார்க்கிற ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒப்பந்தம் இருக்க முடியாது. எலியைத் தின்ன பாம்பு வேண்டும், அறுவடைக்கு இறங்க மனிதர் வேண்டும், இருவருக்கும் வயல் ஒன்றுதான்.

சின்னமனூரைப் பாண்டியர் செப்பேடுகளுக்காகப் படித்திருப்போம். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் சொல்லும் செப்பேடு இங்கேதான் கிடைத்தது. அங்கிருந்து கிளை பிரிந்தால் குச்சனூர், சுயம்புவாக எழுந்த சனீஸ்வரர். ஆடிச் சனிக்கிழமைகளில் அந்தச் சின்ன ஊர் தாங்காது. சனிக்கு ஒரு ஊர், ராகு கேதுவுக்கு ஒரு ஊர் என்று பஸ் தூரத்திலேயே கிரகங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. நான் உத்தமபாளையத்தில் இறங்கினேன்.

ஞானாம்பிகை சமேத காளாத்தீஸ்வரர் கோயிலைத் தென்காளஹஸ்தி என்பார்கள். ஆந்திரத்துக் காளஹஸ்திக்குப் போக முடியாதவர்கள் இங்கே வருவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரைக்குத் தொடங்கும். நான் போன நேரம் அதுதான். ராகுவும் கேதுவும் இங்கே ஒண்டிக்கட்டைகளாக இல்லாமல் துணைவியரோடு நிற்கிறார்கள். மனித முகமும் பாம்பு உடலுமாக ராகு, பாம்புத் தலையும் மனித உடலுமாகக் கேது என்பது நாம் படங்களில் பார்த்துப் பழகிய உருவம். ஒரே உடலை வெட்டினால் அப்படித்தானே ஆகும்.

கதை எல்லோருக்கும் தெரியும். பாற்கடலில் அமுதம் வந்தபோது தேவர் வரிசையில் ஓர் அசுரன் புகுந்து உட்கார்ந்துகொண்டான். சூரியனும் சந்திரனும் பார்த்துக் காட்டிக்கொடுத்தார்கள். அமுதம் தொண்டையைத் தாண்டுவதற்குள் தலை வேறு உடல் வேறாக வெட்டுப்பட்டது. ஆனால் அமுதம் வாய்க்குள் போய்விட்டதால் சாவு இல்லை. தலை ராகுவானது, உடல் கேதுவானது. காட்டிக்கொடுத்த இருவர் மேலும் உள்ள கோபத்தில் அவ்வப்போது பிடித்து விழுங்குகிறது. விழுங்கினாலும் வயிறு இல்லாததால் கழுத்து வழியாக வெளியே வந்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் முடிவு. அசுரனை ஒழித்தார்கள் என்று முடியவில்லை. அவனை நவக்கிரகத்தில் இரண்டு இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள் என்று முடிகிறது.

கோயிலில் ஒரு மூதாட்டி பேத்தியோடு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார இடம் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு அவரே சொல்ல ஆரம்பித்தார். பேத்திக்கு வரன் தள்ளிப்போகிறதாம்.

“நாக தோசம்னு சொல்லிட்டாக தாயி. எனக்கு ஆச்சரியம் ஒண்ணுமில்ல. வீடு கட்டுறப்ப ஒரு புத்தை வெட்டிச் சமப்படுத்துனாரு எங்க வீட்டுக்காரரு. நான் வேணாம்னேன், கேக்கல.”

“பயமா இருக்கா பாட்டி?”

“என்னத்துக்குப் பயம்? இருந்த எடத்தக் கேக்குது. நம்ம எடத்த ஒருத்தன் வெட்டுனா நாம கேக்க மாட்டமா?”

பேத்தி சிரித்துக்கொண்டே பாட்டிக்கு எழுந்து நிற்கக் கை கொடுத்தாள். தோஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பெண்ணின் திருமணத்தைப் பாம்பின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் பாட்டியின் கேள்வியில் இருந்த நியாயம் ஜோசியத்தைத் தாண்டியது. தன் வீட்டு அஸ்திவாரத்தின் கீழே இன்னொரு உயிரின் வீடு இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

அன்று மாலைத் தீபாராதனையில் நான் ஒன்றைக் கவனித்துப் பார்த்தேன். எந்தக் கோயிலிலும் சுவாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியை நாம் பார்த்தும் பார்க்காமல் வந்துவிடுவோம். அதன் இரண்டு அடிகளிலும் இரண்டு மகரங்கள் வாய் பிளந்து நிற்கும். யானைத் துதிக்கை, முதலை வாய், சுருண்ட மீன்வால். அந்த வாய்களிலிருந்துதான் வளைவே புறப்படுகிறது. வளைவின் விளிம்பெங்கும் தீச்சுடர்கள். உச்சியில் இரண்டு பக்கமும் கூடும் இடத்தில் உடலே இல்லாத ஒரு முகம் கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கும். அதுதான் கீர்த்திமுகம். அதற்கும் ராகுவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஜலந்தரன் என்ற அசுரன் பார்வதியைக் கேட்டுச் சிவனிடம் ராகுவைத் தூது அனுப்பினான். சிவனின் சினத்திலிருந்து அகோரப் பசியோடு ஓர் உருவம் தோன்றி ராகுவைத் தின்னப் பாய்ந்தது. ராகு சரணடைந்தான். அப்படியானால் என் பசிக்கு என்ன வழி என்று அது கேட்க, உன்னையே தின்றுகொள் என்றார் சிவன். காலிலிருந்து தொடங்கித் தன்னையே தின்று முகம் மட்டும் மிஞ்சியபோது, என் வாசலில் நீ எப்போதும் இருக்க வேண்டும் என்று இடம் கொடுத்தார்.

நெருப்புக் கக்கும் மகரமும் அதன் மேல் பசித்த முகமும் இங்கிருந்து கடல் கடந்து போயின. இலங்கையின் விகாரை வாசல்களில் மகர தோரணமாக நிற்கின்றன. ஜாவாவின் பிரம்பானன், போரோபுதூர் படிக்கட்டுகளின் மேலே காலன் முகமும் கீழே மகரங்களுமாக இருக்கின்றன. டிராகனைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பூஜை அறையில் பித்தளைத் திருவாசி இருந்தால் அதை இன்று மாலை விளக்கின் அருகில் வைத்துப் பாருங்கள்.

ராகு கேதுவை டிராகன் என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. வானவியலே அப்படித்தான் சொல்கிறது. சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதைக்குச் சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் இரண்டு பாதைகளும் வானத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. சந்திரன் வடக்கே ஏறும் வெட்டுப்புள்ளி ராகு, தெற்கே இறங்கும் புள்ளி கேது. அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளின் அருகே வந்தால்தான் கிரகணம். இந்தக் கணக்கு அரபு வானியலாளர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோதும் பாம்பு உடன் போனது. அங்கே ஏறுபுள்ளிக்கு டிராகனின் தலை என்றும் இறங்குபுள்ளிக்கு டிராகனின் வால் என்றும் பெயர். சந்திரன் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி மறுபடி அதே புள்ளிக்கு வர 27.2 நாள் ஆகிறது. அந்தக் காலத்தை வானியலில் இன்றும் டிராகன் மாதம் என்றே குறிக்கிறார்கள். 242 டிராகன் மாதங்களும் 223 அமாவாசைகளும் ஏறக்குறைய ஒரே கால அளவு, அதாவது 18 ஆண்டும் 11 நாளும். அந்த இடைவெளியில் ஒரு கிரகணம் தன் சாயலோடு திரும்பி வருகிறது.

இந்தப் புள்ளிகள் நிலையாக நிற்பதும் இல்லை, மெல்லப் பின்னோக்கி நகர்கின்றன. ஒரு சுற்று முடிய 18.6 ஆண்டு. 12 ராசிக்கும் பங்கிட்டால் ஒரு ராசிக்கு ஒன்றரை ஆண்டு. ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதும், இரண்டும் எப்போதும் எதிரெதிர் வீடுகளில் பின்னோக்கியே நகர்வதும் இதனால்தான். கிரகணம் நிழலின் வேலை என்று ஆரியபட்டர் 499இல் எழுதியது எல்லோருக்கும் தெரியும். அந்த நிழல் எங்கே விழும் என்ற கணக்கைப் பாம்பின் பெயரில் பஞ்சாங்கம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தது. கதையும் கணக்கும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

2010 ஜனவரி 15 அன்று தென் தமிழ்நாட்டு வானத்தில் சூரியன் வளையலாக நின்றது. ராமேசுவரத்தில் அந்த வளையம் பத்து நிமிடத்துக்குப் பக்கமாகத் தெரிந்தது. அப்போதும் வீடுகளில் சாப்பாட்டில் தர்ப்பையைப் போட்டு வைத்தார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, அது நிற்கும்வரை கிரகணம் இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டினார்கள். மற்ற கோயில்கள் நடை சாத்தும் அந்த நேரத்தில் ஸ்ரீகாளஹஸ்தி திறந்தே இருக்கும். சீனத்தில் பறை கொட்டி விழுங்கும் மிருகத்தை விரட்டினார்கள். தாய்லாந்தில் நகோன் பாதோம் பக்கத்து வாட் சீசாதோங்கில் ராகுவுக்குக் கறுப்பு நிறப் பண்டங்களாகப் பார்த்துப் படைக்கிறார்கள். விரட்டுவதும் படைப்பதும் அந்தந்த ஊர் வழக்கம். நம்முடையது படைக்கிற கட்சி.

மறுநாள் கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை போனேன். மலை முகத்தில் மின்நிலையத்துக்கான ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே அரபிக் கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி நிற்கிறது. ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா என்பதுதான் கோடையின் கடைசியில் டீக்கடைப் பேச்சு. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். பொறியாளரைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது வெளியூர்க்காரருக்கு மிகையாகத் தெரியலாம். ஆனால் மலைக்குள் அடைபட்டுக் கிடந்த தண்ணீரைத் திறந்துவிட்டவன் என்பதுதான் உலகத்தின் மிகப் பழைய டிராகன் கதைகளில் ஒன்றின் நாயகன். விருத்திரன் என்ற பெரும்பாம்பு ஆறுகளை மலையில் வளைத்துக் கிடக்க, இந்திரன் வச்சிரத்தால் அடித்துத் தண்ணீரை விடுவித்ததை ரிக் வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த மலையடிவாரத்தில் நின்றபோது எனக்கு அந்தக் கதைதான் ஓடியது.

தண்ணீரும் பாம்பும் பிரியாமல் வருவது ஆசியா முழுவதும் அப்படித்தான். சீனத்து டிராகன் மழையின் அதிபதி. இரண்டாம் சந்திர மாதத்து இரண்டாம் நாள் அது தலை தூக்கும் நாள், அன்றிலிருந்து உழவு. மழை பொய்த்தால் டிராகன் அரசன் சிலையைக் கோயிலிலிருந்து எடுத்து வெயிலில் வைத்துவிடுவார்கள், சுடுவது எப்படி என்று அதற்கும் தெரியட்டும் என்று. நம் ஊர்களில் மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுத்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். பௌத்தம் சீனத்துக்குப் போனபோது கூடவே போன நம் நாகராஜாக்கள், அங்கே முன்பே இருந்த டிராகன்களோடு கலந்து கடலுக்கும் மழைக்கும் அரசர்களானார்கள். சோங் பேரரசர் ஹுய்சோங் ஐந்து டிராகன்களுக்கு அரசப் பட்டமே கொடுத்தார். மீகாங் ஆற்றங்கரை நோங்காயில் மழைக்கால நோன்பு முடியும் பௌர்ணமி இரவில், தண்ணீரிலிருந்து எழும் செந்நிற ஒளிகளை நாகத்தின் மூச்சு என்று காண லட்சம் பேர் கூடுகிறார்கள்.

அப்படியானால் கொல்லும் கதைகள்? ஐரோப்பாவின் டிராகன் பெரும்பாலும் சாவதற்காகவே வருகிறது. ஆனால் அங்கேயும் விழா என்று வரும்போது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் ஆண்டுதோறும் திரித்துவ ஞாயிறன்று நடுச்சதுக்கத்தில் புனித ஜார்ஜ் டிராகனோடு போர் புரிகிறார். டிராகன் சாவது உறுதி. ஆனால் கயிற்றுக்கு இப்பால் நிற்கும் கூட்டத்தின் கவனம் முழுவதும் அதன் நீண்ட வாலின் நுனி மயிரில்தான். ஒரு கற்றை கைக்கு வந்தால் அந்த ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம். பிரான்சின் தராஸ்கோனில் புனித மார்த்தா தன் இடைக்கச்சையால் கட்டி ஆட்டைப்போல ஊருக்குள் இழுத்து வந்த தராஸ்க் என்ற மிருகத்துக்கு இன்றும் ஊர்வலம் நடக்கிறது. இந்த இரண்டு நாட்டு டிராகன் ஊர்வலங்களையும் 2005இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபாக அறிவித்தது. கதை வீரனின் பக்கம் இருக்கலாம். விழா டிராகனின் பக்கம்தான் இருக்கிறது.

லோயர் கேம்பிலிருந்து குமுளி மலை ஏறினால் கேரளம். அந்தப் பக்கம் புனித ஜார்ஜ் கீவர்கீஸ் புண்ணியாளர். குட்டநாட்டின் எடத்துவாவில் 1810இல் எழுந்த அவர் தேவாலயத்தின் திருவிழா ஏப்ரல் 27இல் கொடியேறி மே 7இல் பெருநாள் காணும். குமரிக் கடலோரத்துத் தமிழர்கள் வண்டி வண்டியாகப் போய் அங்கே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, நேர்ச்சை முடித்துத் திரும்புவார்கள். பாம்புக்கடிக்கும் பாம்புப் பயத்துக்கும் வேண்டிக்கொள்ளும் புனிதர் அவர். அவர் பெயரில் உள்ள தேவாலயங்கள் சிலவற்றில் பாம்பும் புற்றும் என்று ஒரு நேர்ச்சை இருக்கிறது. உலோகத்தில் செய்த பாம்புருவையும் புற்றுருவையும் எடுத்து வைத்து வேண்டிக்கொள்வது. டிராகனைக் குத்திக் கொன்ற வீரன் மேற்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்தான். நம் மக்கள் அவனைக் கும்பிட்டார்கள், அவன் ஈட்டிக்குக் கீழே கிடந்த பாம்புக்கு ஒரு புற்றும் செய்து பக்கத்தில் வைத்தார்கள். மதம் மாறிய பின்னும் இது மாறாதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

உத்தமபாளையத்துப் பாறைக்குத் திரும்பி வரும்போது பிற்பகல். ஊரில் சமணர் சிற்பம் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஆடு ஓட்டி வந்தவர் நான் சொல்லி முடிப்பதற்குள், “கருப்பணசாமி பாறையா? அங்கிட்டுப் போங்க” என்று கைகாட்டினார். பாறைக்கே கருப்பணசாமி பெயர்தான். அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், நின்றபடியும் அமர்ந்தபடியும். சின்னச் சின்ன உருவங்கள். கழுகுமலையின் பிரம்மாண்டம் இங்கே இல்லை. முகங்கள் மழையில் மழுங்கியிருக்கின்றன. சிலவற்றின் தலைக்கு மேலே மட்டும் பாம்பின் தலைகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. அவைதான் பார்சுவநாதர். கீழே வட்டெழுத்துகள். செய்வித்தவர்களின் பெயர்களில் அச்சணந்தி என்ற சமணத் துறவி இருக்கிறார். மதுரையைச் சுற்றிய மலைகளிலும் ஐவர்மலையிலும் குமரிப் பக்கத்துச் சிதறாலிலும் திருமேனிகள் செய்வித்த அதே அச்சணந்தி. அந்தக் காலத்தில் காலாலேயே நடந்து இத்தனை பாறைகளைத் தொட்டிருக்கிறார்.

23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவரின் கதையில் பாம்பு வருவது மழையின்போது மட்டும் இல்லை, அதற்கு முன்பே. இளவரசராக இருந்தபோது ஒரு தவசி நெருப்பு வளர்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். அந்த எரிகிற கட்டைக்குள் பாம்புகள் இருக்கின்றன என்கிறார். தவசி நம்பவில்லை. கட்டையைப் பிளந்தால் உள்ளே பாதி வெந்த இரண்டு பாம்புகள். அவர் ஓதிய நல்வாக்கைக் கேட்டபடி அவை உயிர் விடுகின்றன. பிறகு தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறக்கின்றன. பார்சுவர் துறவியாகித் தவத்தில் நின்றபோது பழைய பகைவன் கல்லும் மழையும் சூறையுமாகப் பொழிகிறான். தரணேந்திரன் படத்தை விரித்து மேலே நிற்கிறான், பத்மாவதி குடை பிடிக்கிறாள். டிராகனும் மனிதனும் சந்திக்கும் உலகக் கதைகளில் எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஈடு இல்லை. இங்கே போரே கிடையாது. நெருப்பிலிருந்து வெளியே எடுத்தவனை அந்த உயிர் மழையிலிருந்து காக்கிறது. புத்தருக்கு முசலிந்தன் என்ற நாகம் ஏழு நாள் குடையாக நின்ற கதையும் இதன் உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்து நயினாதீவில் மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களை அவர் சமாதானம் செய்ததாகவும் சொல்வார்கள். அங்கே இன்று நாகபூசணி அம்மன் இருக்கிறாள், பக்கத்தில் பௌத்த விகாரையும் இருக்கிறது.

நாகர்கோவிலில் இது இன்னும் துலக்கம். நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் பத்மாவதியும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்கள் அங்கே பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. துறவி மெல்ல மறைந்து, குடை பிடித்த நாகமே அங்கே மூலவரானது. உத்தமபாளையத்தில் வேறு வகை. சமணம் போன பிறகு கருப்பணசாமி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அரிவாள் ஏந்திய காவல் தெய்வத்துக்கும் கொல்லாமையே அறம் என்ற தீர்த்தங்கரருக்கும் ஒட்டாது என்று யாரும் கலைக்கவில்லை. சாமி இருக்கும் பாறையை யாரும் கல்லுக்காக உடைக்க மாட்டார்கள். எத்தனையோ சமணக் குன்றுகள் குவாரியாகிப்போன மாவட்டங்களை நினைத்தால், இந்தச் சிற்பங்கள் மிஞ்சியதில் கருப்பணசாமிக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

பாறை இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போகிறவர்கள் உச்சி வெயிலைத் தவிர்த்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் படத்தின் ஒவ்வொரு தலையும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், வட்டெழுத்தும் பிடிபடும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். விரலால் தடவியும் பார்க்காதீர்கள். ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கிய கல் நம் கைச்சூட்டுக்குத் தாங்காது.